வைரல் லோட் குறைவு, ஆனால் எஸ்.ஜி.பி.டி. இறங்கவே இல்லை. வேறு என்ன பார்க்கச் சொல்லலாம்?

தேனிக்காரி | 11 ஆகஸ்ட் 2025, இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு மனசு கேட்கவில்லை, எழுதிவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு 43 வயது. 2016இல் ரத்த தானம் கொடுக்கப் போன இடத்தில் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் டெஸ்ட் எடுக்கிறோம். வைரல் லோட், அதாவது ரத்தத்தில் வைரஸ் அளவு, எப்போதும் குறைவுதான், கடைசியாக 180 ஐ.யு. "இனாக்டிவ் கேரியர், மருந்து தேவையில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கல்லீரல் அடிபட்டால் ஏறுகிற எஸ்.ஜி.பி.டி. மட்டும் அடங்கவில்லை. மூன்று வருடமாக 78, 92, 85, 97, போன வாரம் 104. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, கிரேடு ஒன்று. எடையைக் குறைக்கச் சொன்னார்கள். ஒன்பது கிலோ குறைத்துவிட்டார். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. மாமியார் தினமும் காலையில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுக்கிறார். எண் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது.

கொழுப்பினால்தான் என்றால் ஒன்பது கிலோ குறைந்த பிறகாவது இறங்க வேண்டாமா? வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

புதுமழை | 11 ஆகஸ்ட், இரவு 10:40

பயப்படாதீர்கள் அக்கா. எனக்கும் பி இருக்கிறது, கொழுப்பும் இருக்கிறது. எடை குறைத்து எட்டு மாதம் கழித்துத்தான் எண் இறங்கியது. சர்க்கரை பார்த்தீர்களா?

தேனிக்காரி | 11 ஆகஸ்ட், இரவு 10:52

பார்த்தோம் தம்பி. மூன்று மாதச் சராசரி 5.6தான். எடை குறைத்து ஒரு வருடம் தாண்டிவிட்டது.

கரிசல்காடு | 12 ஆகஸ்ட், காலை 6:05

தங்கச்சி, உங்கள் பதிவை ராத்திரியே படித்தேன். தூக்கம் வரவில்லை. நீங்கள் எழுதியிருக்கிற வரிசை அப்படியே என் தம்பியின் ஃபைலில் இருந்த வரிசை.

தம்பிக்கும் ஹெபடைடிஸ் பி. 2011 தொடங்கி 2017 வரை ஆறு வருடம் "இனாக்டிவ் கேரியர்" என்றே எழுதினார்கள். வைரல் லோட் 300, 150, ஒருமுறை எண்ணவே முடியாத அளவு குறைவு. அந்தக் காகிதத்தைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டோம். எஸ்.ஜி.பி.டி. 80க்கும் 110க்கும் நடுவில் ஓடியது. கொழுப்பு என்றார்கள், வெளிச்சாப்பாடு என்றார்கள். யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். ஆனால் அதே காகிதத்தில் இன்னொரு எண்ணும் இருந்தது, பிளேட்லெட். கல்லீரல் இறுக இறுக அது இறங்கும். 2 லட்சத்து 10 ஆயிரம், அப்புறம் 1 லட்சத்து 60 ஆயிரம், அப்புறம் 1 லட்சத்து 12 ஆயிரம். வருடா வருடம் இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

2017இல் வேறு ஊரில் ஒரு கல்லீரல் டாக்டரிடம் போனோம். அவர் பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் மேசையில் வரிசையாக அடுக்கினார். வைரல் லோட் ஒரு பக்கம், எஸ்.ஜி.பி.டி. ஒரு பக்கம். இரண்டையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார், "வைரஸ் தூங்குகிறது என்றால் கல்லீரலை யார் அடிக்கிறார்கள்? டெல்டா பார்த்தீர்களா?" அன்றுதான் அந்தப் பெயரையே கேள்விப்பட்டோம். பாசிட்டிவ். கல்லீரலின் இறுக்கத்தை அளக்கிற ஃபைப்ரோஸ்கேனில் 19 கிலோபாஸ்கல், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் தொடங்கிவிட்டது. தம்பிக்கு அப்போது வயது 36.

அதனால் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அவருக்கு ஆன்ட்டி டெல்டா ஒருமுறையாவது பார்த்திருக்கிறார்களா?

தேனிக்காரி | 12 ஆகஸ்ட், காலை 8:31

அண்ணா, கை நடுங்குகிறது. ஃபைல் முழுக்கத் தேடிவிட்டேன், அப்படி ஒரு டெஸ்ட் இல்லை. டெல்டா என்றால் கொரோனாவில் சொன்னார்களே, அதுவா?

நுண்நோக்கி | 12 ஆகஸ்ட், மதியம் 1:15

அது வேறு, இது வேறு. நான் ஒரு ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் இருக்கிறேன், சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

இந்த டெல்டா என்பது ஹெபடைடிஸ் டி வைரஸ். மனிதரைத் தொற்றும் வைரஸ்களிலேயே மிகச் சிறியது. அதன் மரபுச்சரம் சுமார் 1,700 எழுத்து நீளம்தான். ஹெபடைடிஸ் பி 3,200, கொரோனா 30,000 என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். இவ்வளவு சின்னதாக இருப்பதால் அதற்குச் சொந்தமாகச் சட்டை கிடையாது. ஒரு செல்லிலிருந்து வெளியே வந்து அடுத்த செல்லுக்குள் நுழைய, ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறையை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்கிறது. அந்த மேலுறைதான் நாம் ரிப்போர்ட்டில் பார்க்கிற எச்.பி.எஸ்.ஏ.ஜி. ஆகவே பி இல்லாத உடம்பில் டெல்டா பிழைக்காது. இருக்கிற உடம்பில் அதற்கு எல்லாம் தயாராக இருக்கிறது.

இது வருவதில் இரண்டு வழி. பி வைரஸும் டெல்டாவும் ஒரே நேரத்தில் நுழைந்தால் கூட்டுத்தொற்று. காமாலை கடுமையாக வரலாம், ஆபத்தாகக்கூடப் போகலாம், ஆனால் பெரியவர்களில் பெரும்பாலோர் இரண்டையும் உடம்பைவிட்டு வெளியேற்றிவிடுவார்கள். நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் நாள்பட்டு நிற்கும். ஏற்கெனவே பி குடியிருக்கிற உடம்பில் டெல்டா பின்னால் வந்து சேர்ந்தால் கதை தலைகீழ். அது மேல்தொற்று. அதில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெல்டா தங்கிவிடும். பி மட்டும் இருப்பவர்களைவிட இவர்களுக்குச் சிரோசிஸ் கிட்டத்தட்டப் பத்து வருடம் முன்னாலேயே வந்துவிடுகிறது. கல்லீரல் புற்றுநோய் அபாயமும் அதிகம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இப்போது டெல்டாவையும் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ் என்றே வகைப்படுத்திவிட்டது.

கரிசல்காடு அண்ணன் சொன்ன வரிசை ஏன் முக்கியம் என்றால், டெல்டா உள்ளே வந்ததும் பெரும்பாலும் பி வைரஸின் பெருக்கத்தை அமுக்கிவிடும். அதனால் வைரல் லோட் குறைவாகக் காட்டும். டெல்டாவை நாம் தேடாததால் அது எந்த ரிப்போர்ட்டிலும் வராது. பார்க்கிறவருக்கு "பி அடங்கியிருக்கிறது" என்றுதான் தோன்றும்.

பரிசோதனை இரண்டு படி. முதலில் ஆன்ட்டி எச்.டி.வி. என்ற எதிர்ப்பொருள் டெஸ்ட், சாதாரண ரத்தம்தான். நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் அத்தோடு சரி. பாசிட்டிவ் என்றால் எச்.டி.வி. ஆர்.என்.ஏ. பி.சி.ஆர். பார்க்க வேண்டும். எப்போதோ வந்து போன தொற்றுக்கும் எதிர்ப்பொருள் நின்றுவிடும். வைரஸ் இப்போது ஓடுகிறதா என்பதை ஆர்.என்.ஏ.தான் சொல்லும். ஒன்று கவனியுங்கள், ஆர்.என்.ஏ. எண் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். தொடர்ந்து பார்ப்பவர்கள் ஒரே இடத்தில் பாருங்கள்.

நேர்வழி | 12 ஆகஸ்ட், இரவு 8:20

மருந்துக்கடை வைத்திருக்கிறேன், இருபது வருடமாக. மரியாதையோடு ஒரு மாற்றுக்கருத்து. நம் நாட்டில் டெல்டா குறைவு என்பது தெரிந்த விஷயம். ஒரு பெண் கொழுப்புக் கல்லீரலுக்குக் கேள்வி கேட்டால், நாம் சிரோசிஸ், புற்றுநோய் என்று பேசி அவர் தூக்கத்தைக் கெடுக்கிறோம். கடைக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் கடன் வாங்கித்தான் டெஸ்ட் எடுக்கிறார்கள். தேவையில்லாத டெஸ்ட் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் ஒரு வாரச் சம்பளம். கண்ணில் தெரியும் கொழுப்பை முதலில் கவனிப்போம்.

கரிசல்காடு | 12 ஆகஸ்ட், இரவு 9:47

ஐயா, செலவு விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. நானும் நகையை அடகு வைத்தவன்தான். ஆனால் இது மாதா மாதம் எடுக்கிற டெஸ்ட் இல்லை. வாழ்நாளில் ஒருமுறை, பிறகு சந்தேகம் வந்தால் இன்னொரு முறை. என் தம்பிக்கு ஆறு வருடத்தில் எடுத்த வைரல் லோட் டெஸ்ட்டுகளின் செலவைக் கூட்டிப் பார்த்தால் டெல்டா டெஸ்ட் எல்லாம் அதன் ஓரத்துக்கு வராது.

"குறைவு" என்கிற வார்த்தைதான் எங்களையும் ஏமாற்றியது. யாருக்குமே பார்க்காவிட்டால் எல்லா ஊரிலும் குறைவாகத்தான் இருக்கும். பத்துப் பேரில் ஒருவருக்கோ நூறு பேரில் ஒருவருக்கோ, அந்த ஒருவர் யார் என்று முகத்தில் எழுதியிருக்காது.

நுண்நோக்கி | 13 ஆகஸ்ட், காலை 7:10

நேர்வழி ஐயா கேட்டது நியாயமான கேள்வி. மருத்துவர்களுக்குள்ளேயும் இது வெகுகாலம் விவாதமாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் பல ஆண்டுகள் "அபாயம் உள்ளவர்களுக்கு மட்டும் பார்த்தால் போதும்" என்றே இருந்தார்கள். ஊசி வழி போதைப்பொருள் பழக்கம், எச்.ஐ.வி., டெல்டா அதிகமுள்ள நாட்டில் பிறந்தது, இப்படி. ஐரோப்பியக் கல்லீரல் சங்கம் 2023இல் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் உள்ள எல்லோருக்கும் ஒருமுறையாவது பார்க்கச் சொல்லிவிட்டது. 2024 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனமும் அதே பக்கம் வந்தது. பி பாசிட்டிவ் வந்த அதே ரத்தத்திலேயே ஆய்வகம் டெல்டாவையும் பார்த்துவிட வேண்டும், நோயாளி மறுபடி அலையக் கூடாது என்பது அவர்கள் பரிந்துரை. எல்லோருக்கும் முடியாத நாடுகளில் முதலில் யாருக்கு என்ற பட்டியலும் உண்டு. வைரல் லோட் குறைவாகவும் எஸ்.ஜி.பி.டி. அதிகமாகவும் இருப்பவர்கள் அதில் வருகிறார்கள். தேனிக்காரி அக்காவின் வீட்டுக்காரர் எந்தக் கணக்கில் பார்த்தாலும் வரிசையில் நிற்கிறார்.

உலகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் கிட்டத்தட்ட 5 சதவீதம் பேருக்கு, சுமார் 1.2 கோடிப் பேருக்கு, டெல்டா இருக்கிறது. ஆனால் இது சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. மங்கோலியாவில் பி உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு டெல்டாவும் உண்டு. உலகிலேயே கல்லீரல் புற்றுநோய் விகிதம் மிக அதிகமான நாடு அதுதான். மால்டோவா, ருமேனியா, மேற்கு ஆப்பிரிக்கா, அமேசான் காட்டுப் பகுதி, பக்கத்தில் பாகிஸ்தான், இவை எல்லாம் டெல்டா கண்ட இடங்கள்.

மன்ற நெறியாளர் | 13 ஆகஸ்ட், காலை 9:00

ஓர் உறுப்பினர் பதிவிட்ட ரிப்போர்ட் படத்தில் பெயரும் கைபேசி எண்ணும் தெரிந்ததால் நீக்கியிருக்கிறோம். மறைத்துவிட்டு மறுபடி போடுங்கள். விவாதம் தொடரட்டும்.

புதுமழை | 13 ஆகஸ்ட், காலை 11:26

எனக்கு ஒரு சந்தேகம். நான் அரசு மருத்துவக் கல்லூரியில் இலவசமாக டெனோஃபோவிர் வாங்கிச் சாப்பிடுகிறேன். பி அடங்கினால் டெல்டாவும் அடங்கத்தானே வேண்டும்? சட்டையே இல்லாவிட்டால் எப்படி வெளியே வரும்?

நுண்நோக்கி | 13 ஆகஸ்ட், மதியம் 1:20

நல்ல கேள்வி தம்பி. டெனோஃபோவிர், என்டெகாவிர் இரண்டும் பி வைரஸ் தன்னைப் பிரதி எடுப்பதைத்தான் தடுக்கின்றன. மேலுறைப் புரதம் தயாராவதை நிறுத்துவதில்லை. உங்கள் ரிப்போர்ட்டிலேயே பாருங்கள், வைரல் லோட் காணாமல் போயிருக்கும், எச்.பி.எஸ்.ஏ.ஜி. மட்டும் பாசிட்டிவாகவே நிற்கும். டெல்டாவுக்கு அது போதும். சட்டை தைக்கிற கடை திறந்தே இருக்கிறது.

டெல்டாவை நேராக அடிப்பதும் கஷ்டம். ஹெபடைடிஸ் சி மருந்துகள் அந்த வைரஸின் சொந்த நொதிகளைக் குறிவைத்து முடக்குகின்றன. டெல்டாவிடம் அப்படிச் சொந்த நொதி கிடையாது, நம் செல்லின் நொதியைக் கொண்டே பிரதி எடுத்துக்கொள்கிறது. அதை அடித்தால் நமக்கும் அடி. நீங்கள் டெனோஃபோவிரை நிறுத்திவிடாதீர்கள், அது பி-க்கு வேண்டும்.

போ நதிக்கரை | 13 ஆகஸ்ட், இரவு 11:55

இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். நான் இத்தாலியில், தூரின் நகரத்தில், முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியாக இருக்கிறேன். இந்த வைரஸைக் கண்டுபிடித்ததே இந்த ஊரில்தான். மாரியோ ரிசெட்டோ என்ற மருத்துவர் இங்கே ஹெபடைடிஸ் பி நோயாளிகளின் கல்லீரல் துணுக்குகளை ஒளிரும் சாயம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலருடைய செல் உட்கருவில் தெரிந்தது ஏற்கெனவே அறிந்த எந்தப் புரதத்தோடும் பொருந்தவில்லை. 1977இல் அதை வெளியிட்டார். முதலில் அதுவும் பி வைரஸின் ஒரு பகுதி என்றே எண்ணினார்கள். பிறகு அமெரிக்காவில் சிம்பன்சிகளில் செய்த சோதனைகளில்தான் அது தனியாகத் தொற்றுகிற வேறொன்று என்று தெரிந்தது.

அந்தக் காலத்தில் இங்கே டெல்டா சர்வ சாதாரணம். 1987இல் பி உள்ள கல்லீரல் நோயாளிகளில் 23 சதவீதம் பேருக்கு இருந்தது, பத்தே வருடத்தில் 8 சதவீதமாக இறங்கிவிட்டது. 1991இல் குழந்தைகளுக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் கட்டாயமாக்கினார்கள். டெல்டாவுக்கென்று தனித் தடுப்பூசி இல்லை. பி-யைத் தடுத்தால் டெல்டாவுக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

இப்போது இங்கே வருகிற டெல்டா நோயாளிகளில் நிறையப் பேர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கிற மால்டோவா அக்கா அவர்களில் ஒருவர். இரண்டு வருடமாகப் புலெவிர்டைடு ஊசி போட்டுக்கொள்கிறார். கல்லீரல் செல்லுக்குள் இந்த இரண்டு வைரஸும் நுழைகிற வாசலை அந்த மருந்து அடைத்துவிடுகிறது. ஐரோப்பாவில் 2020இல் நிபந்தனையோடும் 2023இல் முழுமையாகவும் அனுமதி கிடைத்தது.

தினமும் காலை ஆறு மணி. குளிர்பெட்டியின் நடுத்தட்டில் பாலுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி இருக்கும். சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடி, அதில் ஒரு மில்லி ஊசித் தண்ணீர் சேர்ப்பார். குலுக்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டுவார், நம் ஊரில் திரி உருட்டுவது போல. தெளிந்ததும் தொடையில் போட்டுக்கொள்வார், இன்று இடது, நாளை வலது. போட்ட இடம் சிவந்து தடித்திருக்கும். பித்த உப்பு ரத்தத்தில் ஏறும் என்பதால் அதையும் பார்க்கிறார்கள். அவருக்கு அரிப்பு ஒன்றும் இல்லை. ஏ.எல்.டி., நீங்கள் சொல்கிற எஸ்.ஜி.பி.டி., 140இலிருந்து 31க்கு வந்துவிட்டது. ஆனால் டெல்டா ஆர்.என்.ஏ. இன்னும் கொஞ்சம் தெரிகிறது, எனவே ஊசி தொடர்கிறது.

நுண்நோக்கி | 14 ஆகஸ்ட், காலை 7:02

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் அக்கா. ஓர் எண்ணை மட்டும் சேர்க்கிறேன். 2 மில்லிகிராம் ஊசியை 48 வாரம் போட்டவர்களில் 45 சதவீதம் பேருக்கு வைரஸ் நன்றாகக் குறைந்து, எஸ்.ஜி.பி.டி.யும் சரியானது. மருந்தில்லாமல் காத்திருந்தவர்களில் அது 2 சதவீதம்தான்.

தேனிக்காரி | 14 ஆகஸ்ட், இரவு 9:15

எல்லாவற்றையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "சரி, பார்த்துவிடுவோம்" என்றார். டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்றுதான் தயக்கம். "இன்டர்நெட்டில் படித்துவிட்டு வந்தீர்களா" என்று கோபப்பட்டால்? கரிசல்காடு அண்ணா, உங்கள் தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?

கரிசல்காடு | 15 ஆகஸ்ட், காலை 5:50

தம்பி நன்றாக இருக்கிறான் தங்கச்சி. ஆனால் அதற்குள் நிறைய நடந்துவிட்டது. 2017இல் பெக் இன்டர்ஃபெரான், வாரம் ஒரு ஊசி, 48 வாரம். புலெவிர்டைடு அப்போது விற்பனைக்கே வரவில்லை. ஊசி போட்ட ராத்திரி காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போடும். மனசு உடைந்து போவான், காரணமில்லாமல் அழுவான். அதுவும் மருந்தின் விளைவுதான் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நாங்கள் பக்கத்திலேயே இருந்தோம். முடிக்கும்போது ஆர்.என்.ஏ. நெகட்டிவ். வீட்டில் பாயசம் வைத்தோம். ஒரு வருடத்தில் திரும்பி வந்துவிட்டது. நாலில் ஒருவருக்குத்தான் அந்த மருந்து நிற்கும், நின்றவர்களிலும் சிலருக்குப் பின்னால் திரும்பும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். 2021இல் ரத்த வாந்தி, உணவுக்குழாயில் வீங்கிய ரத்தக்குழாய்களுக்குப் பேண்ட் போட்டுக் கட்டினார்கள். பிறகு வயிற்றில் நீர். 2022இல் அவன் மனைவி கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தாள். மாற்று கல்லீரலில் பி திரும்பாமல் இருக்க இம்யூனோகுளோபுலின் ஊசியும் மாத்திரையும். பி வராவிட்டால் டெல்டாவும் வராது. இப்போது பையனைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறான்.

2011இலேயே அந்த ஒரு டெஸ்ட் எடுத்திருந்தால் 7 கிலோபாஸ்கலில் இன்டர்ஃபெரான் ஆரம்பித்திருக்கலாம். அப்போதும் மருந்துக்கு நோய் கேட்காமல் போயிருக்கலாம். ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆறு வருடம் நடந்திருக்க மாட்டோம்.

டாக்டரிடம் கேட்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு வெள்ளைத்தாளில் மூன்று பத்தி போடுங்கள். தேதி வாரியாக வைரல் லோட், எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட். அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு, "டாக்டர், எடை குறைந்தும் இது இறங்கவில்லை. டெல்டா ஒருமுறை பார்த்துவிடலாமா?" என்று மட்டும் கேளுங்கள். தாளைப் பார்த்த எந்த டாக்டரும் கோபப்பட மாட்டார். அவர்களுக்கும் இருபது பக்க ஃபைலைப் புரட்ட நேரம் இருப்பதில்லை.

இன்னொன்று. முடிவு எப்படி வந்தாலும் ஷேவிங் செட் தனியாக இருக்கட்டும், சலூனில் புது பிளேடு போடச் சொல்லட்டும், தெரியாத இடத்தில் ஊசி வேண்டாம். பி இருக்கிறவருக்குத் தடுப்பூசி இனி உதவாது. டெல்டா வராமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி.

நேர்வழி | 15 ஆகஸ்ட், காலை 10:33

கரிசல்காடு, படித்துவிட்டுச் சிறிது நேரம் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். பி மாத்திரை வாங்க எங்கள் கடைக்கு வழக்கமாக வருகிறவர்கள் பதினோரு பேர். அடுத்த முறை வரும்போது கேட்கிறேன்.

தேனிக்காரி | 28 ஆகஸ்ட், மாலை 6:44

அண்ணா சொன்னபடியே தாள் எழுதிக்கொண்டு போனோம். டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்தார். "நல்லா எழுதியிருக்கீங்கம்மா" என்றார். அவரே டெல்டா எழுதினார், ஃபைப்ரோஸ்கேனும் எழுதினார். இன்றைக்கு ரிசல்ட். ஆன்ட்டி டெல்டா நெகட்டிவ். ஃபைப்ரோஸ்கேன் 6.1. பிளேட்லெட் 2 லட்சத்து 40 ஆயிரம், ஐந்து வருடமாக அதே இடத்தில்தான் நிற்கிறது. கொழுப்புதான் காரணமா, அல்லது பி-க்கே மாத்திரை தொடங்க வேண்டுமா என்று மூன்று மாதத்தில் முடிவு செய்யலாம் என்றார். கீழாநெல்லியை நிறுத்திவிட்டு மறுபடி எஸ்.ஜி.பி.டி. பார்க்கச் சொல்லியிருக்கிறார். மாமியாருக்குக் கொஞ்சம் வருத்தம்.

எனக்கு 2016இலேயே மூன்று தடுப்பூசி போட்டாயிற்று, எதிர்ப்புச்சக்தி 10க்கு மேல் இருந்தால் போதும் என்றார்கள், எனக்கு 340. பிள்ளைகள் இருவரும் 2012க்குப் பிறகு பிறந்தவர்கள், பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே பி சேர்ந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி. அண்ணா, உங்கள் தம்பிக்காக இன்று கோயிலில் அர்ச்சனை செய்தேன்.

மணல்மேடு | 3 செப்டம்பர், இரவு 11:20

இதுவரை எழுதியதில்லை. இந்த இழையைப் படித்துவிட்டு என் அக்கா வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தோம். அவருக்கு வைரல் லோட் 90. எஸ்.ஜி.பி.டி. 130. ஆன்ட்டி டெல்டா பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. ஆர்.என்.ஏ.வுக்கு ரத்தம் கொடுத்திருக்கிறோம், பத்து நாள் ஆகுமாம். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. கரிசல்காடு அண்ணா, உங்களிடம் பேச முடியுமா?

கரிசல்காடு | 3 செப்டம்பர், இரவு 11:28

முழித்துத்தான் இருக்கிறேன் தம்பி. தனிமடலில் எண் அனுப்பியிருக்கிறேன், இப்போதே கூப்பிடலாம். கூப்பிடும்போது அவருடைய பழைய ரிப்போர்ட்டுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பிளேட்லெட்டை மட்டும் வருட வாரியாக வாசித்துக் காட்டுங்கள்.